தங்கரத்தினம் மாமியின் ஒரு மாதம்

சென்ற வருடம் மார்ச் 18ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, விடியற்காலை பஸ்ஸில் தங்கரத்தினம் மாமி கொழும்புக்குப் புறப்பட்டார். ஐம்பத்தேழு வயதில் அவர் கொழும்புக்குப் போவது அது இரண்டாவது தடவை. முதல் தடவை போனது கணவரின் காலை வெட்டுவதா விடுவதா என்று பெரியாஸ்பத்திரியில் கேட்டு வர. இந்தத் தடவை தனக்காகப் போனார். வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றத்தில் அவருடைய மனு பதிவாக வேண்டும். பதிவாகாவிட்டால், முப்பது வருடமாகக் கருவாடு காயவைத்த கரையில் அவர் இனிக் கால் வைக்க முடியாது.

கையில் இரண்டு பொதிகள். ஒன்று, கடதாசிகள் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். மற்றது, சட்டத்தரணிக்குக் கொடுப்பதற்கு இரண்டு கிலோ நெத்தலிக் கருவாடு.

திருகோணமலை பஸ் நிலையத்தில் கொண்டக்டர் மூக்கைச் சுளித்தபடி வந்தார்.

"அம்மா, அந்தப் பொதிக்குள்ளை என்ன?"

"கோட்டுக் கடதாசி, தம்பி."

"கோட்டுக் கடதாசி கனக்கக் கண்டிருக்கிறன். ஒண்டும் இப்பிடி மணக்கிறேல்லை."

"இது உப்புப் போட்ட வழக்கு" என்றார் மாமி.

பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொதியைக் கீழே வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கொண்டக்டர் போய்விட்டார். ஹபரணை வரும்வரை எங்களைச் சுற்றி எல்லா யன்னல்களும் திறந்தே இருந்தன.

நான் கூடப் போனதற்குக் காரணம் எனக்கு ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் தெரியும் என்பதுதான். ஏழு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. பஸ் எங்கே போனாலும் ஏறத் தயாராக இருந்தேன். மாமி பக்கத்து வீடு. சொந்தம் என்று சொல்ல வேண்டுமானால் அம்மாவின் தூரத்து மச்சாள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பிள்ளை என்பார்.

மாமியின் கரைக்குப் பெயர் புன்னையடிக்கரை. நகரத்திலிருந்து நிலாவெளி வீதியால் போய் வலப்பக்கம் இறங்க வேண்டும். கணவர் தங்கத்துரை அங்கே கரைவலை இழுத்தவர். வாழ்நாள் முழுக்கக் கடலில் நின்ற மனிதரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. சீனி வருத்தம் கொண்டுபோனது. அவர் இருக்கும்போதே மாமி கருவாட்டு வேலையைத் தொடங்கிவிட்டார். வலையில் வரும் நெத்தலியையும் சாளையையும் அதே இடத்தில் வாங்கி, கழுவி, உப்பிட்டு, மணலில் வலைப்பாய் விரித்துக் காயப்போடுவார். பாய்களையும் உப்பு மூட்டைகளையும் வைப்பதற்குத் தகரமும் கிடுகும் போட்ட ஒரு கொட்டில் இருந்தது. அதை வாடி என்பார்கள். அவரோடு இன்னும் எட்டுப் பெண்கள் அந்த மணலில் வேலை செய்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து ஓடியவர்கள், திரும்பி வந்துதான் அந்த வாடியைக் கட்டினார்கள். சுனாமி அதைக் கொண்டுபோனது. மறுபடி அதே இடத்தில் கட்டினார்கள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு யாரும் இருக்கவும் இல்லை. காணி உறுதி, பெர்மிட், துண்டு என்று மாமியிடம் எதுவும் கிடையாது. மணலுக்கு யார் உறுதி எழுதுகிறார்கள்?

மாசியில் வெயில் திரும்பும். புரட்டாதி வரை காயப்போடலாம். ஐப்பசியில் மழை தொடங்கினால் கரைவலையும் இல்லை, கருவாடும் இல்லை. பாய்களைச் சுருட்டி வாடிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு மாமி வீட்டில் இருந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பார். கூரை பறந்துவிட்டதா என்று இடைக்கிடை போய்ப் பார்ப்பதைத் தவிரக் கரைப்பக்கம் போக மாட்டார். புன்னையடிக்கரையில் வருடம் என்றால் எட்டு மாதம்தான். மிச்சம் நான்கு மாதத்தில் அங்கே நடப்பதை யாரும் நடந்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

வேலி வந்தது அந்த நான்கு மாதத்துக்குள்.

2024 நவம்பரில் ஒரு திணைக்களத்தின் வாகனம் கொங்கிரீட் தூண்களைக் கொண்டுவந்து இறக்கியது. எந்தத் திணைக்களம் என்று எழுத வேண்டாம் என்று பின்னால் வரப்போகும் றம்ஸியா சொல்லியிருக்கிறார். கூட வந்த ஓவர்சியர் சின்ன வயதுச் சிங்களப் பெடியன், கொஞ்சம் தமிழ் பேசுவான். அன்று மாமி கூரை பார்க்கப் போயிருக்கிறார்.

"அம்மே, சிமெந்து நனையுது. இந்த வாடி கொஞ்ச நாள் தர ஏலுமா?"

"கொஞ்ச நாள் என்ன, தை முடியுமட்டும் வைச்சிரு மகன். நான் இப்ப என்னத்துக்குத் திறக்கப்போறன்?"

பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டார். பெடியன் நேர்மையானவன். பேப்பர் இல்லாவிட்டால் பிறகு அம்மாவுக்குக் கரைச்சல் வரும் என்று சொல்லி ஒரு துண்டு எழுதினான்: தங்கரத்தினம், அடையாள அட்டை இலக்கம், வேலி வேலைக்கான சிமெந்து வைப்பதற்குத் தன்னுடைய வாடியைத் தற்காலிகமாகத் தரச் சம்மதம், 2024 நவம்பர் 21. மாமி கையெழுத்து வைத்தார். ஒரு பிரதியை அவரிடமே கொடுத்தான். மழையில் நின்ற ஆட்களுக்கு மாமி இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். எதற்கு வேலி என்று கேட்டபோது, தனக்குத் தெரியாது, மேலே இருந்து வந்தது, ஆனால் கேட் வரும் என்றான்.

கேட் வந்தது. டிசம்பரில், கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் கிழமை, வேலை முடிந்தது. மாடு வராமல் இருக்க நல்லது என்று மாமி நினைத்தார்.

2025 பெப்ரவரி 20ஆம் திகதி, முதல் வெயிலுக்கு, உப்பு மூட்டையோடு மாமியும் எட்டுப் பெண்களும் போனபோது கேட் பூட்டியிருந்தது. உள்ளே கதிரை போட்டு ஒரு காவலாளி இருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்தவர், பெயர் ஹஸன்.

"அக்கா, போர்ட் வாசிக்கேல்லையா? மூண்டு பாசையிலும் போட்டிருக்கு."

"வாசிச்சனான். உட்பிரவேசிக்கத் தடை எண்டு கிடக்கு. ஆருக்கெண்டு கிடக்கேல்லையே."

"எல்லாருக்கும்தான்."

"அப்ப நீ ஏன் உள்ளை இருக்கிறாய்?"

ஹஸன் சிரித்துவிட்டார். ஆனால் திறக்கவில்லை. திறந்தால் தன்னுடைய வேலை போய்விடும் என்றார். அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். வாடிக்குள் இருந்த வலைப்பாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வேலிக்கு மேலால் வெளியே போட்டார். எட்டுப் பெண்களும் அவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு வீதிக்கு ஏறினார்கள்.

அடுத்த நாள் மாமி மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் பக்கத்தில் மனு எழுதும் முஹம்மது தம்பியிடம் போனார். நாற்பது வருடமாக இந்த மாவட்டத்தின் கஷ்டங்களைத் தட்டச்சில் அடித்தவர் அவர், இப்போது கம்பியூட்டர்.

"பிரதி எத்தினை பேருக்கு, முஹம்மது நானா?" என்றார் மாமி.

"பன்னிரண்டு. ஒருத்தரை விட்டால் அவர் கோவிப்பார், தங்கச்சி."

பன்னிரண்டு பேருக்கும் பதிவுத் தபாலில் போனது. இரண்டு கிழமைக்குள் மூன்று பதில்கள் வந்தன. மூன்றிலும் ஒரே வசனம்: தங்களது முறைப்பாடு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது. மாமி அவற்றைச் சுவாமித் தட்டில் வைத்தார். லோயர் ஒருவரைப் பார்ப்போம் என்று நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

"பெரிய ஆக்கள் பாக்கிறம் எண்டு எழுதினாப் பிறகு கோட்டுக்கு ஓடுறது மரியாதையோ? பொறு பிள்ளை. அவைக்கும் நேரம் குடுக்க வேணும்."

இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒருவரிடம் சொல்லிவிட்டால் அவர் பதில் சொல்லும்வரை இன்னொருவரிடம் போவது அவமதிப்பு. நானும் மூன்று கிழமை அவரோடு சேர்ந்து பொறுத்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, மார்ச் 14, பொறுக்க முடியாமல் முச்சக்கரவண்டி பிடித்து அவரை ஓர்ஸ் ஹில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன அறையில் றம்ஸியா என்ற இளம் சட்டத்தரணி இலவசமாக ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

றம்ஸியா கேட்டது ஒரு கேள்விதான்.

"உங்களை எப்ப மறிச்சவை, அம்மா?"

"மாசி இருபது." நாங்கள் பெப்ரவரியை மாசி என்றுதான் சொல்வோம்.

றம்ஸியா நாட்காட்டியைப் பார்த்தார். முகம் மாறியது. சட்டப்படியான தொழிலைச் செய்வதற்கு ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது, அது அரசியலமைப்பின் பதினான்காவது உறுப்புரையில் இருக்கிறது என்றார். அரசாங்கத்தின் ஆட்கள் அந்த உரிமையை மீறினால் நேரே உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வேறு நீதிமன்றம் இதை விசாரிக்காது. ஆனால் மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும்.

"ஒரு மாசமோ? காணி வழக்கெல்லாம் இருபது வருசம் நடக்குதே!"

"நடக்கிறதுக்குக் கணக்கில்லை. தொடங்கிறதுக்குத்தான் ஒரு மாசம். உங்களுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."

இன்னொரு வழியும் உண்டு என்றார். வேலி போடச் சொன்ன கட்டளையைக் கேட்டுத் தகவல் கோரிக்கை ஒன்று கொடுக்கலாம். 2015இல் பத்தொன்பதாம் திருத்தம் அந்த உரிமையையும் அரசியலமைப்பில் சேர்த்திருக்கிறது.

"பத்தொன்பது தரம் திருத்தினவையோ?" என்றார் மாமி. "ஒரு கொப்பியிலை அவ்வளவு பிழை எண்டால் எங்கட ரீச்சர் கிழிச்செறிஞ்சிருப்பா."

"இப்ப இருபத்தொண்டு, அம்மா."

"இருபத்தொரு தரம் திருத்தியும் அந்த ஒரு மாசத்திலை ஒருத்தரும் கை வைக்கேல்லையோ?"

"இல்லை. எழுபத்தெட்டிலை எழுதினது அப்பிடியே கிடக்கு."

தகவல் கோரிக்கையை அன்றே எழுதினார்கள். என்ன கேட்க வேண்டும் என்று றம்ஸியா மாமியிடம் கேட்டார். மாமி யோசிக்கவே இல்லை.

"ஆர் கையெழுத்து வைச்சது எண்டு கேளும் பிள்ளை. அந்தப் பெயரை மட்டும் எடுத்துத் தாரும். நான் நேரை போய்க் கதைப்பன். மனுசர் தானே, சொன்னால் விளங்கும்."

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் பஸ் ஏறினோம்.

வெள்ளவத்தையில் என் சிநேகிதி வீட்டில் தங்கி, புதன் காலை புதுக்கடைக்குப் போனோம். றம்ஸியா சொல்லி அனுப்பிய சட்டத்தரணி பெயர் தர்மிகன். ஒரு நூறு ஃபைல்களுக்கு நடுவில் இருந்தார். நெத்தலிப் பொதியை வாங்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, சத்தியக்கடதாசி எழுதுவதற்காகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"அந்த இடத்திலை நீங்கள் வேலை செய்தனீங்கள் எண்டதுக்கு என்ன அத்தாட்சி இருக்கு அம்மா? உறுதி? வரிப் பத்திரம்? கறண்ட் பில்?"

மாமியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்தக் கேள்விக்காகவே வந்தவர் போல ஃபைலைத் திறந்தார். ஓவர்சியர் பெடியன் எழுதிய துண்டை எடுத்து, மடிப்பை நீவி, மேசையில் வைத்தார்.

"இதைப் பாருங்கோ ஐயா. என்ர வாடி எண்டு அவையே எழுதித் தந்தது. என்ர பெயர், ஐ.சி. நம்பர், எல்லாம் இருக்கு."

தர்மிகன் வாசித்தார். பிறகு திகதியை இன்னொரு தரம் வாசித்தார்.

"நவம்பர் இருபத்தொண்டு. அப்ப வேலி போடுறது உங்களுக்குத் தெரியும்?"

"தெரியாமல்? என்ர வாடியிலை தானே சிமெந்து வைச்சவை."

"வேலை எப்ப முடிஞ்சது?"

"விளக்கீட்டுக்கு முதல் கிழமை."

"அப்ப நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னத்தை ஐயா கேக்கிறது? மழைக்குள்ளை ஆர் கருவாடு காயப்போடுறது? பூட்டிக் கிடக்கிற கடைக்கு முன்னாலை லொறி நிண்டால் சண்டைக்குப் போவினமோ? கடை திறக்கேக்கை தானே எடுக்கச் சொல்லுவினம்."

தர்மிகன் பேனையை மூடி வைத்தார். மாதத்தை அவர்கள் கேட் பூட்டியிருந்த நாளிலிருந்து எண்ண மாட்டார்கள், வேலி எழும்பியது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்றார். அந்தக் கணக்கில் மாதம் சனவரி முதல் கிழமையிலேயே முடிந்துவிட்டது.

அப்போது நான் குறுக்கே பேசினேன். துண்டைக் காட்டாமல் விட்டால் என்ன, பெப்ரவரி 20ஐ மட்டும் எழுதினால் என்ன என்று கேட்டேன். தர்மிகன் என்னைப் பார்க்கவில்லை. மாமியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அம்மா, இந்தத் துண்டு இல்லாட்டி நீங்கள் அங்கை இருந்தீங்கள் எண்டதுக்கு ஒண்டுமே இல்லை. ஆரோ ஒருத்தி வந்து அரசாங்கக் கரையைக் கேக்கிறா எண்டு முடிஞ்சிடும். துண்டைக் குடுத்தால் இருந்தீங்கள் எண்டு நிரூபிக்கலாம். ஆனால் வேலி போட்டது உங்களுக்குத் தெரியும் எண்டும் அதே துண்டு சொல்லும்."

மாமி துண்டைத் தன் பக்கம் இழுத்து மடிப்பை மறுபடி நீவினார்.

"அவன் நல்ல பெடியன்" என்றார். "எனக்குக் கரைச்சல் வரக்கூடாதெண்டு எழுதினவன்."

பிறகு, "எல்லாத்தையும் உள்ளபடி எழுதுங்கோ ஐயா" என்றார். "சாமியிலை சத்தியம் பண்ணிப்போட்டு மாத்திச் சொல்ல எனக்கு ஏலாது."

உள்ளபடி எழுதினார்கள். நீதிபதிகள் சில வேளை தாமதத்தை மன்னிப்பதுண்டு என்று தர்மிகன் சொன்னார், ஆனால் சொல்லும்போது வேறு ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பின்னேரம் இரண்டரைக்கு மனு பதிவானது. துண்டும் அதோடு இணைக்கப்பட்டது. வெளியே வந்து மாமி ஒரு இளநீர் குடித்தார். பிறகு ஊருக்குப் பஸ் ஏறினோம். ஏழு வருடத்தில் எத்தனையோ நாட்டு எல்லைகளில் பூட்டிய கேட்டுகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். எங்காவது ஒரு முத்திரை, ஒரு படிவம், ஒரு ஆள் கிடைத்துவிடும். இங்கே என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் மாதம் வழக்கு கூப்பிடப்பட்டது. நாங்கள் போகவில்லை. தர்மிகன் தொலைபேசியில் சொன்னார்: காலம் கடந்த மனு என்று தள்ளுபடி, மூன்று நிமிடம். நீதிமன்றம் பிழை செய்தது என்று நான் எழுதவில்லை. எழுதியிருப்பதைத்தான் அவர்கள் வாசித்தார்கள்.

மாமியிடம் நான்தான் சொன்னேன். அப்போது அவர் வீட்டு முற்றத்தில் தறப்பாள் விரித்துச் சாளை காயப்போட்டுக்கொண்டிருந்தார். முற்றத்தில் காற்று இல்லை, ஈ மொய்த்தது, அக்கம்பக்கத்தார் மணக்கிறது என்று முறைப்பாடு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று. அம்மாதான் முதலில் சொன்னவர்.

"அப்ப கேட்டைத் திறக்கச் சொல்லேல்லையோ?"

"இல்லை மாமி."

"பூட்டினது சரியெண்டு சொன்னவையோ?"

"அதுவும் சொல்லேல்லை. அதைப் பாக்கவேயில்லை. பிந்தி வந்தது எண்டு மட்டும்தான்."

"பாக்கேல்லையோ" என்றார். பாதி காய்ந்த மீன்களை மறுபக்கம் புரட்டினார். "பாத்துப்போட்டு இல்லையெண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை."

ஆவணியில் அவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் புல்மோட்டைக்குப் போனார். அங்கே ஒரு முதலாளியின் கருவாட்டு வாடியில் நாள் கூலிக்கு வேலை. காலை ஆறரையிலிருந்து பின்னேரம் ஐந்து வரை முதலாளி சொல்கிற மீனை அவர் சொல்கிற உப்பில் போட வேண்டும். எட்டுப் பெண்களில் இரண்டு பேர் கார்மென்ட்ஸுக்கும் ஒருத்தி மத்திய கிழக்குக்கும் போனார்கள். மற்றவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். புன்னையடிக்கரை வேலிக்குள் ஒருவரும் எதுவும் கட்டவில்லை. போர்ட் இருக்கிறது, கதிரையில் ஹஸன் இருக்கிறார். நான் போகும்போதெல்லாம், அக்கா எப்படி என்று விசாரிப்பார்.

தகவல் கோரிக்கை மட்டும் தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. முதல் பதினான்கு நாளில் பதில் இல்லை. றம்ஸியா மேன்முறையீடு செய்தார், பதில் இல்லை. பிறகு கொழும்பிலுள்ள தகவல் உரிமை ஆணைக்குழுவுக்குப் போனார். இரண்டு தரம் விசாரணைக்குத் திகதி போட்டார்கள். மூன்றாம் தரம், தகவலைக் கொடுக்க வேண்டும் என்று திணைக்களத்துக்கு உத்தரவு வந்தது. அன்று றம்ஸியா எனக்குத் தொலைபேசி எடுத்து, "வெண்டிட்டம்" என்றார். மாமிக்குச் சொன்னபோது அவர் கேட்டது, "பெயர் வருமோ?" என்றுதான். வரும் என்றேன். ஒவ்வொரு ஞாயிறும் புல்மோட்டையிலிருந்து தொலைபேசி எடுத்து அதையே கேட்டார். பெயர் வந்துவிட்டதா, எந்த ஊர் ஆள், தமிழ் தெரிந்தவரா, தன்னோடு வந்து மொழிபெயர்ப்பேனா. வருவேன் என்றேன்.

இந்த வருடம் பெப்ரவரி முடிவில், வேலி எழும்பிப் பதினைந்து மாதம் ஆகும்போது, றம்ஸியா திணைக்களத்தின் கடிதம் ஒன்றைப் படம் பிடித்து என் தொலைபேசிக்கு அனுப்பினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, மாமி எடுக்கும் நேரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கடிதம் நல்ல தமிழில் இருந்தது.

"மேற்படி விடயம் தொடர்பாக. புன்னையடிக்கரைப் பகுதியில் வேலி அமைப்பதற்கான கட்டளை, அனுமதி அல்லது கையொப்பமிட்ட அலுவலர் தொடர்பான ஆவணம் எதுவும் எமது பதிவேடுகளில் காணப்படவில்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன். அதன்படி, தங்களது தகவல் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டுள்ளது."